பைபாஸ் டன்னல் இன்னும் சரியான வழியில்தான் போகிறதா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது. அவர்களுடைய எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில் (பாக்கெட்டில் ஒட்டிய லேபிள் எண்ணைப் பார்த்து அனுப்புகிற நெட்வொர்க்) ஆர்எஸ்விபி-டிஇ டன்னல்கள், அதாவது முன்கூட்டியே பாதை போட்டுவைத்த டன்னல்கள், ஓடுகின்றன, எல்லாவற்றுக்கும் ஃபாஸ்ட் ரீரூட் பாதுகாப்பு (லிங்க் அறுந்ததும் தயாராக இருக்கிற மாற்றுப் பாதைக்கு உடனே மாறுவது) இருக்கிறது. ஹெட்-எண்ட் ரூட்டர்களில், அதாவது டன்னல் கிளம்புகிற ரூட்டர்களில், ரீஆப்டிமைஸ் டைமரை (இதைவிட நல்ல பாதை இருக்கிறதா என்று மறுபடி தேடுகிற இடைவெளி) ஒரு மணி நேரத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து பேக்கப் பாதைகளும் தானாகச் சீராகிவிடுமா, தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா, அடிக்கடி செய்தால் ஓடுகிற டிராஃபிக்குக்கு ஆபத்தா என்று கேட்கிறார். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: என்றோ போட்டுவைத்த மாற்றுப் பாதை, ஃபைபர் அறுபடுகிற அன்றைக்கும் சரியான பாதையாக இருக்குமா?

நான் பேக்போன் நெட்வொர்க்குகளில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். சுருக்கமான பதில்: ஹெட்-எண்ட் டைமரை மட்டும் நம்பாதீர்கள். மெயின் பாதை கெட்டால் வாடிக்கையாளர் போன் செய்து சொல்லிவிடுவார். பேக்கப் பாதை கெட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதில் டிராஃபிக்கே போவதில்லை. அதனால்தான் அதற்கென்று தனிக் கவனம் தேவைப்படுகிறது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4090 இரண்டு முறைகளைச் சொல்கிறது. ஒன்று டீடூர்: ஒவ்வொரு எல்எஸ்பிக்கும் (டன்னலின் டிராஃபிக் போகிற லேபிள் பாதை), அது கடந்து போகிற ஒவ்வொரு ரூட்டரிலிருந்தும் தனித்தனி மாற்றுப் பாதை. இன்னொன்று பைபாஸ் டன்னல்: ஒரு லிங்க்கையோ ரூட்டரையோ சுற்றிக்கொண்டு போகிற ஒரே டன்னல், அந்த வழியாகப் போகிற எல்லா எல்எஸ்பிகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டிலும் முடிவெடுப்பது பிஎல்ஆர், அதாவது அறுந்த இடத்துக்கு முன்னால் நிற்கிற ரூட்டர். டிராஃபிக் மறுபடி மெயின் பாதையில் வந்து சேர்கிற ரூட்டர், மெர்ஜ் பாயிண்ட்.

ஹெட்-எண்ட் ரீஆப்டிமைஸ் செய்யும்போது பழைய எல்எஸ்பியை அப்படியே வைத்துக்கொண்டு, அதே டன்னலுக்குப் புதிய எல்எஸ்பி ஐடியுடன் வேறொரு எல்எஸ்பியை எழுப்பி, அது தயாரான பிறகுதான் பழையதை எடுக்கும். மேக்-பிஃபோர்-பிரேக் என்கிறோமே, அதுதான். டீடூர் முறையில் இந்தப் புதிய எல்எஸ்பிக்காக வழியிலுள்ள ரூட்டர்கள் புதிய டீடூர்களையும் போடும். ஆக மெயின் பாதை இடம் மாறும்போது டீடூர்களும் கூடவே மாறுகின்றன. மெயின் பாதை மாறவில்லை என்றால், டீடூருக்கென்று தனி டைமர் போடாத வரை, டீடூர்களும் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றுக்கு நல்ல வழி திறந்திருந்தாலும் கூட. பைபாஸ் முறையிலோ ஹெட்-எண்டுக்கும் பைபாஸ் டன்னலின் பாதைக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பைபாஸ் தானே ஒரு தனி எல்எஸ்பி, அதன் ஹெட்-எண்ட் பிஎல்ஆர். சென்னை ரூட்டரில் நீங்கள் வைத்த ஒரு மணி நேர டைமர், வேலூர் ரூட்டரிலிருந்து கிளம்புகிற பைபாஸை எட்டிக்கூடப் பார்க்காது.

இதை லேபிள் அளவில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சென்னை, வேலூர், பெங்களூரு, மும்பை என்று ஒரு எல்எஸ்பி போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலூருக்கு 301 என்ற லேபிளோடு பாக்கெட் வருகிறது. பெங்களூரு கொடுத்த லேபிள் 417, அதனால் வேலூர் 301-ஐ 417 ஆக மாற்றி அனுப்புகிறது. வேலூர்–பெங்களூரு லிங்க் அறுந்தால், அப்போதும் அது 417 ஆகத்தான் மாற்றும். ஆனால் அதன் மேல் பைபாஸின் லேபிளையும், உதாரணமாக சேலம் கொடுத்த 88-ஐ, ஏற்றி சேலம் பக்கம் தள்ளும். சேலம் 88-ஐ உருவிவிட்டு பெங்களூருக்கு அனுப்பும். பெங்களூரு பார்ப்பது 417 என்ற லேபிளைத்தான், அது எந்த இன்டர்ஃபேஸில் வந்தது என்பது அதற்குப் பொருட்டில்லை. இப்போது பைபாஸை வேறு வழிக்கு மாற்றினால் மேலே இருக்கிற 88 மட்டும் வேறொரு எண்ணாகும். 417 அப்படியே இருக்கும், மும்பை வரை யாருக்கும் எதுவும் தெரியாது. மெர்ஜ் பாயிண்ட் மாறாத வரை பைபாஸை இடம் மாற்றுவது இவ்வளவு மலிவான வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே, மெயின் பாதையை விட பைபாஸை அதிக தடவை சரிபார்க்கலாம் என்று நான் சொல்வேன்.

சரி, செய்யாவிட்டால் என்ன ஆகும்? நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மேலே சொன்னது போலவே வேலூர்–பெங்களூரு லிங்க்குக்கு சேலம் வழியாக பைபாஸ். ஒரு நாள் இரவு சேலம்–பெங்களூரு லிங்க்கில் கார்டு மாற்றும் வேலை. அதே இரவில் வேலூர் ரூட்டரையும் சாஃப்ட்வேர் அப்கிரேடுக்காக ரீபூட் செய்தார்கள். ரூட்டர் எழுந்தபோது சேலம்–பெங்களூரு லிங்க் இல்லை. பைபாஸ் வேறு வழி தேடி சேலம், கோவை, கொச்சி, மங்களூரு என்று சுற்றி பெங்களூரு போய்ச் சேர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் சேலம்–பெங்களூரு லிங்க் திரும்பி வந்துவிட்டது. பைபாஸ் திரும்பி வரவில்லை. அந்த ரூட்டரில் ரீஆப்டிமைஸ் இயல்பாகவே ஆஃப், கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மானிட்டரிங் திரையில் பைபாஸ் "அப்", பாதுகாப்பு "ரெடி", எல்லாம் பச்சை.

எட்டு மாதம் கழித்து சாலை அகலப்படுத்துகிற இடத்தில் ஒரு ஜேசிபி வேலூர்–பெங்களூரு ஃபைபரை அறுத்தது. ஃபாஸ்ட் ரீரூட் தன் வேலையைச் சரியாகவே செய்தது, 50 மில்லிசெகண்டுக்குள் மாறிவிட்டது. மாறிய பிறகுதான் பிரச்சினை. சுமார் 1,300 கிலோமீட்டர் சுற்று; ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும், ஆகவே ஒரு வழிக்கு ஆறரை மில்லிசெகண்ட். அதை யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் கடற்கரைப் பக்கத்தில் ஒரு லிங்க் வெறும் 1 ஜிபிபிஎஸ், அதிலும் 600 எம்பிபிஎஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் 4 ஜிபிபிஎஸ் போய் விழுந்தது. கேரளப் பக்கத்து வாடிக்கையாளர்கள், வேலூரில் நடந்த வெட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள், அவர்களுக்கும் சேவை போனது. வழக்கமாக இது சில நொடிகளில் தீர்ந்துவிட வேண்டும்: பிஎல்ஆர் "டன்னல் உள்ளூரிலேயே சரிசெய்யப்பட்டது" என்று பாத்எர்ர் செய்தியை ஹெட்-எண்டுக்கு அனுப்பும், ஹெட்-எண்ட் புதிய பாதை கண்டுபிடித்து டிராஃபிக்கை பைபாஸிலிருந்து எடுத்துவிடும். இங்கே சென்னையில் ஒரே ஒரு எக்ஸ்பிளிசிட் பாதைதான் (எந்தெந்த ரூட்டர் வழியாகப் போக வேண்டும் என்று நாமே எழுதிவைப்பது) எழுதியிருந்தது. வேறு பாதைக்கு வழியில்லாததால் டிராஃபிக் பைபாஸிலேயே நின்றது. காரணத்தைக் கண்டுபிடித்து ஆட்களே மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்கவே இல்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு வருவோம், தானாக நடக்குமா? இது தயாரிப்பாளரைப் பொறுத்தது. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் பேக்கப் டன்னலும் சாதாரண டிஇ டன்னல்தான். அது கிளம்புகிற ரூட்டரில் உள்ள ரீஆப்டிமைஸ் டைமர் அதற்கும் பொருந்தும், இயல்பான மதிப்பு 3,600 நொடி. ஆனால் பேக்கப் டன்னலுக்கு ஒரே ஒரு எக்ஸ்பிளிசிட் பாதையை முழுதாக எழுதி வைத்திருந்தாலோ, லாக்டவுன் (ரீஆப்டிமைஸ் செய்யாமல் பூட்டிவைக்கிற அமைப்பு) போட்டிருந்தாலோ, டைமர் இருந்தும் பயனில்லை. லிங்க் திரும்பி வந்தவுடனே பார்க்க வேண்டும் என்றால் லிங்க்-அப் நிகழ்வுக்கான அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். ஜூனிப்பரின் ஜூனோஸில் கதை வேறு: எல்எஸ்பிக்கான ஆப்டிமைஸ்-டைமர் இயல்பாக ஆஃப். பைபாஸுக்கு ஆர்எஸ்விபி இன்டர்ஃபேஸின் லிங்க்-புரொடெக்ஷன் பகுதியில் ஒரு தனி டைமர், டீடூருக்கு ஆர்எஸ்விபியின் ஃபாஸ்ட்-ரீரூட் பகுதியில் இன்னொரு தனி டைமர். மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றவையும் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இதோடு இன்னொரு அடுக்கு இருக்கிறது. பைபாஸ் நல்ல வழியில் போகிறதா என்பது ஒரு விஷயம். இந்த எல்எஸ்பி, இருக்கிற பைபாஸ்களில் நல்லதோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பது வேறு விஷயம். எல்எஸ்பி எழும்போது ரூட்டரைத் தாண்டிப் போகிற பைபாஸ் இல்லாததால் லிங்க்கை மட்டும் தாண்டுகிற பைபாஸோடு கட்டப்பட்டிருக்கலாம். பிறகு நல்லது வந்தாலும் யாராவது மாற்றிக் கட்ட வேண்டும். சிஸ்கோவில் இதைப் புரமோஷன் என்பார்கள், இயல்பாக 300 நொடிக்கு ஒரு முறை நடக்கும். உங்கள் கேள்வியில் இது வரவில்லை, ஆனால் இதையும் பாருங்கள்.

இனி முக்கியமான இடம்: எதை வைத்து "நல்ல பாதை" என்று முடிவு செய்வது? ரூட்டர் தானாகச் செய்தால் பெரும்பாலும் மெட்ரிக்கைத்தான், அதாவது லிங்க்குகளுக்குக் கொடுத்த செலவு எண்களின் கூட்டுத்தொகையைத்தான், பார்க்கும். மெயின் பாதைக்கு அது சரி. பேக்கப்புக்குக் குறுகிய வழி என்பது மூன்றாவது தகுதிதான். முதல் தகுதி, மெயின் பாதையோடு சேர்ந்து அறுந்துவிடாமல் இருப்பது. இரண்டாவது, அன்றைக்கு வருகிற சுமையைத் தாங்குவது.

முதல் தகுதிக்கு எஸ்ஆர்எல்ஜி இருக்கிறது, ஒரே பள்ளத்தில், ஒரே பாலத்தில் போகிற லிங்க்குகளுக்கு ஒரே எண் கொடுத்து வைப்பது. வரைபடத்தில் வேலூரிலிருந்து பெங்களூருக்கும் சேலத்துக்கும் இரண்டு கோடுகள் இரண்டு திசையில் போகும். ஊரை விட்டு வெளியேறுகிற முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் கிடக்கலாம். ரூட்டருக்கு இது தெரியாது, நாம் சொன்னால்தான் தெரியும். அதைவிட மோசம், ஒரு முறை சொன்னது பழசாகிப்போவது: ட்ரான்ஸ்மிஷன் டீம் ஒரு அலைநீளத்தை வேறு ஃபைபருக்கு மாற்றிவிடுவார்கள், ரூட்டரில் இருக்கும் எண் அப்படியே இருக்கும். எஸ்ஆர்எல்ஜி தகவல் தவறாக இருக்கும் நெட்வொர்க்கில் ரீஆப்டிமைஸ் இயக்கினால், அதிர்ஷ்டவசமாக வேறு பள்ளத்தில் போய்க்கொண்டிருந்த நீளமான பைபாஸ், குறுகிய வழி கிடைத்தது என்று மெயின் ஃபைபர் கிடக்கிற அதே பள்ளத்துக்குள் வந்து உட்காரும். ரீஆப்டிமைஸ் பாதுகாப்பைக் கெடுக்கக்கூடிய உண்மையான ஆபத்து இதுதான், நீங்கள் பயப்படுகிற டிராஃபிக் தடங்கல் அல்ல. ஆகவே டைமரைத் தொடுவதற்கு முன்னால் ஃபைபர் டீமோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைச் சரிசெய்யுங்கள். எஸ்ஆர்எல்ஜியைக் கட்டாயமாக்குவதா, விருப்பமாக வைப்பதா என்றால், நான் விருப்பமாக வைக்கத்தான் சொல்வேன். கட்டாயமாக்கினால் தனிப் பள்ளம் கிடைக்காத நேரத்தில் பேக்கப்பே இருக்காது. விருப்பமாக வைத்து, ரீஆப்டிமைஸும் ஓடினால், தனிப் பள்ளம் திரும்பக் கிடைத்ததும் பைபாஸ் அங்கே போய்விடும். இது என் அனுபவத் தீர்ப்பு, மாற்றுக் கருத்துள்ள நல்ல இன்ஜினியர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது தகுதி, சுமை. சேலம்–பெங்களூரு லிங்க் 10 ஜிபிபிஎஸ் என்போம். அதன் வழியாக மூன்று பைபாஸ்: வேலூர்–பெங்களூரு லிங்க்கைக் காப்பது 4, சென்னை–பெங்களூரு நேர் லிங்க்கைக் காப்பது 6, கோவை–மைசூரு லிங்க்கைக் காப்பது 5. மூன்றுக்கும் பேண்ட்வித் ரிசர்வ் செய்தால் ஆர்எஸ்விபி கூட்டிப் பார்த்து 15 என்கும், மூன்றாவதுக்கு இடமில்லை என்று வேறு வழிக்குத் துரத்தும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு லிங்க்தான் அறும் என்று எடுத்துக்கொண்டால் தேவைப்படுவது கூட்டுத்தொகை இல்லை, மூன்றில் பெரியதான 6 மட்டும். லிங்க்கில் சாதாரண டிராஃபிக் 3 ஓடினால் மொத்தம் 9, உள்ளே அடங்கும். இதனால்தான் பலர் பைபாஸை பூஜ்ய பேண்ட்வித்தில் போடுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் அதற்கு விலை உண்டு. பூஜ்யம் என்றால் ரூட்டரின் கணக்கில் சுமை என்பதே இல்லை. ரீஆப்டிமைஸ் ஒவ்வொன்றாக எல்லா பைபாஸையும் குறுகிய ஒரே லிங்க்கில் கொண்டுவந்து குவிக்கலாம். அதோடு, சென்னை–பெங்களூருவும் வேலூர்–பெங்களூருவும் ஒரே பள்ளத்தில் கிடந்தால் இரண்டும் சேர்ந்தே அறும், 4-உம் 6-உம் 10, ஏற்கெனவே இருக்கிற 3-ஓடு 13. லிங்க் வழிந்துவிடும். இந்தக் கணக்கைத் தனித்தனி பிஎல்ஆர்களால் போட முடியாது. மொத்த நெட்வொர்க்கையும் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு பள்ளமாக அறுத்துப் பார்க்கிற ஒரு கணக்கு வெளியில் ஓட வேண்டும். பிசிஇ (பாதைகளை ஒரே இடத்தில் கணக்கிடுகிற சர்வர்) இருந்தால் அதில், இல்லையென்றால் இரவில் ஓடுகிற ஒரு ஸ்கிரிப்ட்டே போதும்.

அடிக்கடி செய்தால் ஆபத்தா என்பதற்கு எண்ணிக்கையே பதில் சொல்லும். 100 ரூட்டர், 300 லிங்க் உள்ள நெட்வொர்க்கில் லிங்க்கைக் காக்கும் பைபாஸ் இரு திசைக்கும் சேர்த்து 600. ரூட்டரைக் காப்பவை இதைவிட அதிகம், ஆனாலும் ஆயிரக்கணக்கில் நின்றுவிடும். எல்லா ரூட்டரிலிருந்தும் மற்ற எல்லா ரூட்டருக்கும் எல்எஸ்பி என்றால் 9,900. டீடூர் முறையில், ஒரு எல்எஸ்பி 6 ரூட்டர்களைக் கடந்தால் அதற்கு 5 டீடூர் வரை தேவைப்படும், ஆக 50,000-ஐ நெருங்கும். டீடூர்கள் ஒன்றோடொன்று சேர்வதால் கொஞ்சம் குறையும். ஆகவே பைபாஸ் வைத்திருந்தால் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை என்பது கவலைப்பட வேண்டிய வேலையே இல்லை. டீடூர் என்றால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை போதும், எல்லா ரூட்டரும் ஒரே நிமிடத்தில் தொடங்காதபடி நேரத்தைச் சிதறடித்து வையுங்கள். லிங்க்-அப் நிகழ்வில் உடனே செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அறுந்து ஒட்டவைத்த ஃபைபர் முதல் சில நிமிடம் போய்வந்துகொண்டே இருக்கும். அது நிலைத்த பிறகு பார்க்கும்படி ஒரு தாமதம் வையுங்கள்.

பைபாஸ் மாறுகிற அந்த நொடியில் பாதுகாப்பில் இடைவெளி விழுமா? மேக்-பிஃபோர்-பிரேக் சரியாகச் செய்யும் ரூட்டரில் விழக்கூடாது. ஆனால் புதிய லேபிள் வழியிலுள்ள லைன் கார்டுகள் எல்லாவற்றிலும் எழுதப்பட்ட பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். அதற்காகத்தான் நிறுவலுக்கும் துப்புரவுக்கும் தாமத டைமர்கள் இருக்கின்றன, அவற்றைக் குறைக்காதீர்கள். ஒரு பைபாஸை ஆயிரம் எல்எஸ்பி பகிர்ந்தால், ஹார்டுவேர் ஒரே குறியீட்டை மாற்றுகிறதா, ஆயிரம் பதிவுகளையும் திருப்பி எழுதுகிறதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். இதைக் கையேட்டில் தேடாதீர்கள், சோதனைக்கூடத்தில் டிராஃபிக் ஜெனரேட்டர் வைத்து, பைபாஸ் மாறிக்கொண்டிருக்கும்போதே ஃபைபரைப் பிடுங்கிப் பாருங்கள். நான் செய்த சோதனைகளில் சில ரூட்டர்கள் ஏமாற்றின.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் பைபாஸைத் தொடாதீர்கள்: அது ஆக்டிவாக, டிராஃபிக்கைச் சுமந்துகொண்டிருக்கும்போது. அப்போது அதன் பாதையை அழகுபடுத்துவது நம் வேலை இல்லை. ஹெட்-எண்டுகள் தங்கள் டிராஃபிக்கை எடுத்துக்கொள்ளட்டும். அவை எடுக்காமல் நின்றால், எங்களுக்கு நடந்தது போல, கோளாறு பைபாஸில் இல்லை, ஹெட்-எண்டில் இரண்டாவது பாதை எழுதாததில் இருக்கிறது.

நான் சொன்னதில் லேபிள் நடத்தை, மேக்-பிஃபோர்-பிரேக், பாத்எர்ர் இவையெல்லாம் தரநிலையில் உள்ளவை, சந்தேகமில்லை. இயல்பு மதிப்புகளை உங்கள் சாஃப்ட்வேர் பதிப்பில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம், 30 நிமிடம் என்பதெல்லாம் சில நூறு ரூட்டர் உள்ள நெட்வொர்க்குகளில் எனக்குச் சரிப்பட்டவை. ஆயிரக்கணக்கில் ரூட்டர் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செக்மென்ட் ரவுட்டிங்குக்கும் (ஆர்எஸ்விபி இல்லாமல் பாதை போடுகிற புதிய முறை) அதன் ஃபாஸ்ட் ரீரூட் முறையான டிஐ-எல்எஃப்ஏவுக்கும் மாறப் போகிறீர்கள் என்றால், அங்கே நெட்வொர்க் மாறும் ஒவ்வொரு முறையும் பேக்கப் புதிதாகக் கணக்கிடப்படுவதால் பழைய பாதையில் ஒட்டிக்கொள்கிற தொல்லை போய்விடும். பள்ளமும் சுமையும் அங்கேயும் அதே தலைவலிதான்.

டைமரை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பிஎல்ஆரிலும் பைபாஸ்கள் இப்போது கடந்து போகிற ரூட்டர்களின் பட்டியலை, ரெக்கார்ட் ரூட் என்கிற ஆர்எஸ்விபி பதிவிலிருந்து, எடுத்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். பக்கத்துப் பத்தியில், எல்லா லிங்க்கும் நன்றாக இருந்தால் அது போக வேண்டிய வழி. மூன்றாவது பத்தியில் ஃபைபர் டீம் சொல்கிற பள்ளங்களின் பெயர். முதல் இரண்டு பத்திகள் ஒத்துப்போகாத வரிகளைச் சிவப்பாக்குங்கள், மூன்றாவது பத்தியில் மெயின் பாதையின் பள்ளம் வருகிற வரிகளையும் சிவப்பாக்குங்கள். எங்கள் இடத்தில் அந்த வெட்டுக்குப் பிறகு இதைச் செய்தபோது வேலூர் ஒன்று மட்டும் இல்லை, இன்னும் பதினொரு வரிகள் சிவப்பாக இருந்தன.